தொரை நாற்காலி

கக்கூஸ் விற்கிறவளுக்குக் கூச்சநாச்சம் இருந்தால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். கருங்கல் சந்தைக்குப் போகிற சாலையில் என் கடை. டைல்ஸ், குழாய், வாஷ் பேசின், கிளாசெட் எல்லாம் உண்டு. வருகிறவர்கள் டைல்ஸின் நிறத்தைப் பற்றி அரை நாள் பேசுவார்கள். கிளாசெட் பக்கம் வந்ததும் குரல் இறங்கிவிடும். புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான், பெண்டாட்டி மின்விசிறியைப் பார்ப்பாள். எந்த உயரத்தில் உட்கார்ந்தால் முட்டு வலிக்காது என்று நான்தான் போட்டு உடைக்க வேண்டும்.

அந்தக் கூச்சத்தைப் போக்கத்தான் சுவரில் படங்களை மாட்டினேன். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருக்கிறார். விடுமுறை நாளில் பழைய சாமான் சந்தையில் சுற்றுவது அவருக்கு ஒரு கிறுக்கு. பெண்டாட்டி நடத்துவது கக்கூஸ் கடை என்பதால், வெள்ளைக்காரர்களின் பழைய கக்கூஸ் விளம்பரங்களையும் தபால் அட்டைகளையும் கண்ட இடத்தில் வாங்கிச் சேர்த்து, பால்பொடிக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே வைத்து கார்கோ பெட்டியில் அனுப்பினார். நான் கண்ணாடி போட்டு மாட்டினேன்.

நல்ல படங்கள். ஒன்றில், நீலப் பூ வரைந்த பீங்கான் கிளாசெட் பக்கத்தில் தொப்பி வைத்த சீமாட்டி நின்று, மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துவதுபோலக் கையை நீட்டுகிறாள். இன்னொன்றில் பனி மூடிய வயலின் நடுவில் ஒரு பலகைக் கக்கூஸ். கதவில் பிறை வடிவில் ஓட்டை, வெளியே ஒரு குடும்பமே கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறது. ஏதோ ஒரு காட்சிசாலையில் எடுத்த படத்தில், ஒரே பலகையில் பெரிய ஓட்டை ஒன்றும் சின்ன ஓட்டை ஒன்றும், தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து உட்காருவதற்கு. வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் பிறகு கூச்சமில்லாமல் விலை கேட்டார்கள்.

கடைசிச் சட்டத்தில் இருந்த படத்தை மட்டும் மாட்டும்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் தூசி தட்டும்போதுதான் பார்த்தேன். ஏதோ மரச்சாமான் கடையின் பழைய விளம்பரத் தாள். கை வைத்த, பிரம்பு பின்னிய முதுகுள்ள கனத்த நாற்காலி. உட்காரும் இடத்துக்குக் கீழே கால்களை மறைத்து ஒரு பெட்டி. பெட்டியின் முன்பக்கம் சின்னக் கதவு, பித்தளைக் குமிழ். பக்கத்தில் அதே நாற்காலியைத் திறந்து வரைந்திருந்தார்கள். இருக்கையின் மூடி மேலே தூக்கியிருக்கிறது, உள்ளே வட்டமான ஓட்டை. கதவு திறந்திருக்கிறது, உள்ளே பூப்போட்ட பீங்கான் சட்டி.

தூசித் துணியோடு நான் அப்படியே நின்றேன். அந்த நாற்காலியை எனக்குத் தெரியும். கைப்பிடியின் நுனியில் சுருண்டிருந்த இலைகூடத் தெரியும். எங்கள் ஆலயத்தில், போதகர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறையில், சிவப்புப் பட்டுத் துணி போர்த்தி, அது இருந்தது. எங்கள் சபையில் அதற்குப் பெயர் தொரை நாற்காலி.

எங்கள் ஊருக்கு முதலில் சுவிசேஷம் கொண்டுவந்த வெள்ளைக்கார மிஷனரி உட்கார்ந்த நாற்காலி என்று சபை முழுக்க நம்பியது. அப்பாவின் பூட்டன் அந்தத் தொரையின் பங்களாவில் வேலை பார்த்தவர். தொரை படுக்கையில் கிடந்த காலத்தில் பூட்டனைத் தவிர வேறு யாரும் அவர் அறைக்குள் நுழைய முடியாது என்று எங்கள் வீட்டில் சொல்லுவார்கள். அவ்வளவு நம்பிக்கையாம். கப்பல் ஏறும்போது தொரை தன் நாற்காலியைப் பூட்டனுக்குக் கொடுத்தார், பூட்டன் அதை ஆலயத்துக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து அதைத் துடைப்பதும் மெழுகுவதும் பிரதிஷ்டைப் பண்டிகை அன்று பீடத்துக்குத் தூக்கி வருவதும் எங்கள் குடும்பத்தின் உரிமை. பேராயர் அதில்தான் உட்காருவார். ஊரில் எங்களை நாற்காலி வீட்டுக்காரர்கள் என்பார்கள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அப்பா முதலில் சொல்வது அதைத்தான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்ததை இரண்டாவதாகச் சொல்வார்.

இது மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தச் சின்னக் கதவுள்ள பெட்டி தொரை தன் வேதபுத்தகத்தை வைப்பதற்காகச் செய்வித்தது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள். அதனால் சபையின் மிகப் பழைய வேதாகமத்தை அதற்குள் வைத்துத்தான் பூட்டுவார்கள். பண்டிகை அன்று அப்பா முழங்காலில் நின்று, அந்தக் கதவைத் திறந்து, இரண்டு கையாலும் வேதாகமத்தை எடுத்துப் பேராயரிடம் கொடுப்பார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியிருக்கிறது.

படத்தைக் கழற்றுவதற்கு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அதற்குள் ஒருவர் உள்ளே வந்துவிட்டார்.

அம்மா வழியில் எனக்கு மாமா முறை வேண்டும். சபைக் கமிட்டியில் அப்பாவின் எதிர் அணிக்கு அவர்தான் தலை. எங்கள் பக்கத்தில் சட்டசபைத் தேர்தலைக்கூட மறந்துவிடுவார்கள், சபைத் தேர்தலை மறக்கமாட்டார்கள். ஒரே குடும்பத்தில் பேச்சு நின்றுபோகும். மாமாவும் அப்பாவும் பேசுவார்கள், மிக அன்பாகப் பேசுவார்கள். அதுதான் எனக்குப் பிடிக்காது. அன்று அவர் வாசல் குழாய் ஒழுகுகிறது என்று வந்தார். குழாயை நான் எடுத்துவரப் போனேன். பின்னால் அவர் படம் படமாகப் பார்த்துச் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது.

நான் திரும்பி வந்தபோது அவர் கடைசிச் சட்டத்துக்கு முன்னால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ரண்டு படம் எடுத்துக்கட்டுமா மக்கா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை எடுத்தார். அவர் எடுத்தது இரண்டும் அந்த ஒரே படத்தை. குழாயை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு சுகந்தானே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் படத்தைக் கழற்றி கிடங்கில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் என்னை அரித்தது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் மணி அடிக்கும்போதெல்லாம் வாடிக்கையாளரை விட்டுவிட்டுப் போனை எடுப்பேன். திறந்தால் யாருக்காவது பிறந்தநாள் வாழ்த்து, காலை வசனம், ரோஜாப்பூ. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து பாட்டை உரக்கப் பாடினார். ஆராதனை முடிந்து போகும்போது வெஸ்ட்ரி வாசலில் ஒரு நிமிடம் நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவருக்கு அந்த நாற்காலி ஒரு வேடிக்கை. என் அப்பாவுக்கு அதுதான் முதுகெலும்பு.

பண்டிகை நெருங்கியது. பண்டிகை முடிந்த கையோடு தேர்தல். சந்தையில் தேங்காய்ப்பட்டணத்து மீன் வந்திருந்த ஒரு காலையில், மாமா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று சாளை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீன்காரியிடம் பேசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“மச்சான் இந்தத் தடவ நிக்காண்டாம்னு சொல்லு மக்கா. வயசாச்சுல்லா. பண்டிகைய நல்ல மரியாதையா முடிச்சிட்டு இருக்கட்டும்.”

வேறு ஒரு வார்த்தை இல்லை. மீனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். ரத்தக்கொதிப்பு இருக்கிறது, தேர்தல் எதுக்கு என்றேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் என்னை நம்பவில்லை, ஆனால் தோண்டிக் கேட்கவும் இல்லை. நாற்காலி இருக்கும்வரைக்கும் தன்னை யாரும் அசைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊர் முன்னால் யாரோ சொல்லிக் கேட்பதைவிட, மகள் சொல்லிக் கேட்கட்டும் என்று தீர்மானித்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் அப்பா வெஸ்ட்ரியில் நாற்காலியை மெழுகிக்கொண்டிருந்தார். தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கி, பழைய வேட்டித் துணியால் தேய்ப்பது அவர் வழக்கம். ஈட்டி மரம் கறுத்துப் பளபளத்தது. வெளியே பந்தல்காரர்கள் கம்பு நடும் சத்தம். நான் கதவைச் சாத்திவிட்டு, கிடங்கில் இருந்த படத்தைப் போனில் எடுத்துவந்திருந்ததை அவரிடம் காட்டினேன்.

அவர் முதலில் சிரித்தார். நம்ம நாற்காலி மாதிரியே இருக்கே என்றார். பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தார். திறந்த மூடி, ஓட்டை, சட்டி. நான் எதையும் விளக்கவில்லை. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, முழங்காலில் இறங்கி, சின்னக் கதவைத் திறந்து வேதாகமத்தை எடுத்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பெட்டிக்குள் விட்டு மேல்பக்கம் தடவினார்.

இருக்கைக்கு அடியில் ஒரு பலகை ஆணியடித்து இருப்பது அவருக்குத் தெரியும். செல்லரித்த இடத்தை மறைத்து அவருடைய தாத்தா அடித்தது என்று கேள்விப்பட்டிருக்கிறார். இத்தனை வருஷம் வெளியே மெழுகியவர் உள்ளே கை விட்டதில்லை. இப்போது அந்தப் பலகையின் ஓரத்தில் விரலை நுழைத்து, வளைவாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஒரு வட்டம் சுற்றி வந்து நின்றது. செல்லரித்த ஓட்டை அவ்வளவு வழவழப்பாக இருக்காது.

“அப்போ, தொரை ஆரையும் உள்ள விடாதது...” என்று தொடங்கினார்.

முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். படுக்கையில் கிடந்த தொரையின் அறைக்குள் எங்கள் பூட்டன் மட்டும் ஏன் போனார் என்பது அந்த அறையில் இருந்த எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. நாங்கள் ஊர் ஊராகச் சொல்லிப் பெருமைப்பட்ட கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மாமா படம் எடுத்ததையும் மீன்கடையில் சொன்னதையும் சொன்னேன். அவர் காதில் அது ஏறியதாகவே தெரியவில்லை. மேசையில் இருந்த வேதாகமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வழி சொன்னேன். செல்லரித்துவிட்டது என்று சொல்லி நாற்காலியை இன்றே எங்கள் தென்னை விளைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிடலாம், நாளைக்குப் பேராயருக்கு வேறு நாற்காலி போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள், மாமா படத்தைக் காட்டினால் காட்டட்டும், நாற்காலி இல்லாமல் படத்துக்கு மதிப்பில்லை என்று கெஞ்சினேன். அது நடக்கக்கூடியதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“வேதபுத்தகத்த இதுக்குள்ள வச்சது நானாக்கும், மக்கா. எனக்க கையாலயாக்கும் வச்சேன். இத நான் சபையில சொல்லாம ஒளிச்சா, பெறவு நான் எப்பிடி முட்டுக் குத்தி ஜெபிப்பேன்?”

அப்பாவின் விசுவாசம் எனக்குக் கிடையாது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்தது மரியாதை அல்ல, பயம். அவருக்குத் தெரியாத ஊரை நான் கடையில் உட்கார்ந்து அறிந்திருக்கிறேன்.

மறுநாள் பண்டிகை ஆராதனை தொடங்குவதற்கு முன்னால் அப்பா வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் நின்றார். அந்த நாற்காலி என்ன என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தன் பூட்டன் செய்த வேலை என்ன என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. வேதாகமத்தை அதில் வைத்ததற்காக மன்னிப்புக் கேட்கும்போதுதான் உடைந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.

பேராயர் இறங்கிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சீடர்களின் காலைக் கழுவிய ஆண்டவரைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் அழுதார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஆட்கள் வந்து வந்து அப்பாவின் தோளைத் தட்டினார்கள். மாமாவும் வந்து கட்டிப்பிடித்தார். பிறகு என்னிடம் வந்து, போனை எடுத்து, நான் பார்க்கும்படியாக அந்த இரண்டு படங்களையும் அழித்தார்.

“இனி இது எதுக்கு மக்கா?” என்றார். முகத்தில் நிஜமான அன்பு இருந்தது.

அவர் சொல்ல நினைத்ததை அப்பா அவரைவிட நன்றாகச் சொல்லி முடித்துவிட்டார்.

தொரை நாற்காலி உடைந்த பெஞ்சுகளோடு ஷெட்டுக்குப் போனது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. முதலில் நாற்காலி வீடு என்று சொல்வது நின்றது. அடுத்து, பூட்டன் பங்களாவுக்கு வருவதற்கு முன்னால் எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று கேட்கத் தொடங்கினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லா வித்தியாசமும் போய்விட்டது என்று நாங்கள் ஞாயிறுதோறும் சொல்கிறோம். சட்டி சுமந்தவன் எந்த ஆளாக இருப்பான் என்பதை மட்டும் யாரும் மறக்கவில்லை. அந்த வேலைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. தேர்தலுக்கு முன்னால் அந்தப் பெயர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அதை நான் இங்கே எழுதவும் போவதில்லை.

தேர்தலில் அப்பா தோற்றார். சொந்தக்காரர்களே போடவில்லை. அதற்குப் பிறகு அவர் சாயங்காலங்களில் ஆலய வளாகத்துப் பக்கம் போவதை விட்டுவிட்டு, கடையில் வந்து உட்கார ஆரம்பித்தார். தபால் அட்டைகளை எல்லாம் நான் கழற்றிவிட்டேன். ஏன் கழற்றினாய், ஆட்கள் சிரிப்பார்களே என்று அவர் கேட்டார். நான் கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

போன மாதம் எங்கள் சபையிலேயே ஒரு குடும்பம் புது வீட்டுக்குச் சாமான் எடுத்தது. மகன் கப்பலில் இருக்கிறான், அம்மாதான் நின்று வீடு கட்டுகிறாள். ஞாயிறு பள்ளியில் எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவள். அவளே போனில் கூப்பிட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, வீட்டைப் பார்த்து ஜெபம் செய்யட்டும் என்றாள். அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டார். சாமான் ஏற்றிய மினிடோர் வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் மனசு லேசானது. ஊர் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டு முன்னால் வண்டி நின்றது. லோடு ஆட்கள் டைல்ஸ் பெட்டிகளை இறக்கி உள்ளே சுமந்தார்கள். வாஷ் பேசின்களைச் சுமந்தார்கள். பின்னறையில் போடுவதற்கான கிளாசெட் பெட்டியை அவர்களில் ஒருவன் தோளுக்குத் தூக்கப் போனபோது, அவள் வாசலில் இருந்து கையை நீட்டித் தடுத்தாள். சொன்னதை நல்ல பிரியமாகத்தான் சொன்னாள்.

“அவன் டைல்ச எடுக்கட்டு. அத அண்ணன் கொண்டு வைப்பாரு. அவுங்க குடும்பத்துக்குப் பழக்கமுள்ளதுல்லா.”

லோடு ஆட்கள் சிரித்தார்கள். கடையில் யார் எது சொன்னாலும் திருப்பிக் கொடுக்கிறவள் நான். எல்லாவற்றையும் திருப்பி வண்டியில் ஏற்றுங்கள் என்று நான் சொல்வதற்குள், அப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக் குனிந்து அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டார். என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி ஏறினார்.

அது கம்பெனி ஒட்டிய டேப்கூடப் பிரிக்காத புதுக் கிளாசெட். அவர் தன்னைக் கடந்து போகும்போது அந்த அம்மா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.